பச்சைக் கட்டம்

கோவில்பட்டியில் ஒரு கல்லூரி முதலாண்டுக் கணிதத்தைச் செயலிக்கு மாற்றியது. பாடத்தை வீடியோவில் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் கணக்குப் போட வேண்டும். பார்த்தவர் பெயருக்கு நேரே பச்சைக் கட்டம் விழும், பார்க்காதவருக்குச் சிவப்பு. செயலி பொய் சொல்லாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் மாணவிகளில் அமுதவள்ளிக்கு மட்டும் பச்சை. ஆனால் தேர்வில் அத்தனை பேருக்கும் நல்ல மதிப்பெண். காப்பிதான் என்று முடிவுகட்டிய விரிவுரையாளர் ஹாரூன், அமுதவள்ளியைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“காப்பி இல்ல சார். பஸ்ல என் போன்லதான் எல்லாரும் சேந்து பாக்குதோம். புரியலன்னா வீடியோவ நிறுத்திட்டு சண்ட போடுவோம். எறங்குததுக்குள்ள வெளங்கிரும்.”

“அது செயலிக்குத் தெரியாதும்மா. அவுங்கவுங்க போன்லதான் பாக்கணும்.”

அடுத்த மாதம் அவர்கள் எல்லோருக்கும் பச்சை. கல்லூரி முதல்வர் செயலியின் திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஹாரூனைப் பாராட்டினார். அதே வாரத் தேர்வில் பஸ் மாணவிகளில் பாதிப் பேர் தேறவில்லை.

“எல்லாரும் வீடியோ பாத்தீங்கதான? பெறகு என்ன?” என்று அமுதவள்ளியிடம் கேட்டார் ஹாரூன்.

“பாத்தோம் சார். இப்ப ஆளாளுக்குக் காதுல இயர்போன். யாருகிட்ட சண்ட போட?”