பதினான்கு பங்கு

சபையின் மாகாணப் பொருளாளர் சிஸ்டர் பெர்க்மான்ஸ் திருச்சியிலிருந்து வந்து இறங்கிய அன்று பாம்பனில் காற்று பலமாக இருந்தது. கூடவே மதுரை ஆடிட்டர் ராம்குமாரும் வந்திருந்தார். மார்த்தா பகல் இல்லத்தை மூடுவதா வேண்டாமா என்று மாலைக்குள் அவர்கள் சொல்லிவிட வேண்டும்.

இல்லத்தில் நடக்க முடியாத பிள்ளைகள் இருபத்தேழு பேர். காலையில் வேன் போய் அழைத்து வரும். பயிற்சி, சாப்பாடு, கொஞ்சம் படிப்பு, நாலு மணிக்குத் திரும்ப வீடு. இதற்கான பணம் பல வருஷமாகப் பெல்ஜியத்தில் ஒரு மடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த ஊரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்கள் கடிதங்களைக் கோப்பில் சேர்க்கும்போதெல்லாம் பனி மூடிய ஒரு தெருவும், விளக்கெரியும் ரொட்டிக் கடையும், தபால் பெட்டியை நோக்கி மெதுவாக நடக்கும் ஒரு வயதான கன்னியாஸ்திரியும் எனக்குத் தெரிவார்கள். மூன்று வருஷத்துக்கு முன் கடைசிக் கடிதம் வந்தது. மடத்தில் பதினொரு பேர்தான் மிச்சம், எல்லோருக்கும் எண்பதுக்கு மேல். கட்டடத்தை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகிறோம், மன்னியுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அதற்குப் பிறகும் இல்லம் நின்றுவிடவில்லை. எப்படி ஓடுகிறது என்று திருச்சியில் சபையின் மாகாணத் தலைமை கேட்கவுமில்லை. இந்த வருஷம் மூட வேண்டிய இல்லங்களுக்குப் பட்டியல் போடும்போதுதான் கேட்டார்கள்.

கணக்கு எழுதுவது நான். ராம்குமார் என் பேரேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

“சிஸ்டர், இது சட்டப்படி தப்பு. டிரஸ்ட் பணத்தப் பங்குல போடவே கூடாது.”

“எந்தப் பங்குல?” என்றார் சிஸ்டர் பெர்க்மான்ஸ்.

“இந்தா பாருங்க. பங்கு, பதினாலு. எண்பத்திரண்டாயிரம். அடுத்த மாசமும் பங்கு, பதினாலு. ஷேர் மார்க்கெட் லாபம்தானே? பதிவே ரத்தாயிரும்.”

சிஸ்டர் பெர்க்மான்ஸ் சிரித்துவிட்டார். “பயந்துட்டேன் சார். எங்க சபையில பங்குன்னா பாரிஷ். பதினாலு பங்குக் கோவில்லருந்து காணிக்கை வந்திருக்கு.” சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. “ஏம்மா ஜெர்லின், இந்தத் தீவுல பதினாலு பங்கு ஏது?”

இல்லத்தின் பொறுப்பாளர் சிஸ்டர் ஜெர்லின் என்னைப் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. மூன்று வருஷமாக அந்தப் பத்தியின் தலைப்பில் ‘பங்கு’ என்று மட்டும்தான் எழுதி வந்திருக்கிறேன். பாம்பனில் பிறந்தவளுக்கு அதற்குமேல் எழுதத் தோன்றவில்லை.

“படகுப் பங்கு சார்” என்றேன். “மீன் வித்த காசுல டீசல், ஐஸ் செலவக் கழிச்சிட்டு மிச்சத்தப் பங்கு போடுவாங்க. படகுக்கு இத்தன, வலைக்கு இத்தன, போன ஆளுக்கு ஆளொரு பங்கு. பதினாலு விசைப்படகுல, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆளக் கூட்டி எழுதுறாங்க. அந்த ஆளு இந்த இல்லம்.”

“கடலுக்குப் போகாத ஆளு” என்றார் ராம்குமார். “அப்ப நன்கொடை. ரசீது போட்டிருக்கலாமேம்மா.”

“நீட்டுனா வாங்க மாட்டேங்குறாங்க சார்.”

அவர் பெருமூச்சு விட்டுச் செலவுப் பக்கத்துக்குப் போனார். அங்கேயும் விரல் நின்றது. “போன நவம்பர். வலை, ஆறாயிரத்து நானூறு. பிள்ளைங்க இல்லத்துக்கு எதுக்கு வலை?”

நல்ல வேளையாக அப்போது யாக்கோபு வந்தார். பதினான்கு படகுகளில் ஒன்று அவருடையது. கரையிலிருந்து நேரே வந்திருந்தார், சட்டையெல்லாம் ஈரம். பங்குப் பணத்தை நெகிழிப் பையில் சுற்றிக் கையில் வைத்திருந்தார்.

“நீங்களே சொல்லுங்கண்ணே” என்றார் சிஸ்டர் ஜெர்லின்.

“வலை பாறையில மாட்டிக் கிழிஞ்சு போச்சு தம்பி. பங்கு வாங்குற அத்தன பேரும் கைக்காசு போட்டோம். சிஸ்டர்கிட்ட நான் கேக்கல. அவுகளாத்தேன் கொண்டாந்தாக. வேணாம்னேன். மீனுல பங்கு உண்டு, கிழிசல்ல கிடையாதான்னு கேட்டாக. பொறவு நான் என்னத்தப் பேச?”

சிஸ்டர் பெர்க்மான்ஸின் குரல் இறுகியது. “பிள்ளைங்க பணத்துலருந்தா?”

“இல்ல சிஸ்டர்” என்றேன். “இங்க இருக்குற சிஸ்டருங்க மூணு பேரோட கைச்செலவுப் பணம். மூணு மாசம் எடுத்துக்கல.”

ராம்குமார் வரவுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அதே தேதியில் அதே தொகை இருந்தது. மெல்லத் தலையாட்டிவிட்டு யாக்கோபு பக்கம் திரும்பினார். “ஐயா, நன்கொடைன்னு ஒரு ரசீது வாங்கிக்கிட்டா என்ன?”

“நன்கொடையா? நான் தருமம் பண்ணலயே தம்பி. என் படகுல கிளாட்சன்னு ஒருத்தன் வாரான். அவன் பங்கக் குடுத்துட்டு அவன்கிட்ட ரசீதா வாங்குறேன்?”

“அவரு வேல செய்றாரு.”

“இவுக செய்யலயா? என் பேரன நாலு மணி வரைக்கும் இவுக வச்சிருக்கப் போய்த்தேன் என் மக ஐஸ் கம்பெனி வேலைக்குப் போறா. படகுல ஏறாட்டி என்ன? ஆள் ஆள்தேன்.”

“மீன்பிடித் தடைக்காலம் ரெண்டு மாசம் வருமே, அப்ப?” என்று கேட்டார் சிஸ்டர் பெர்க்மான்ஸ்.

“படகு நின்னா எவனுக்கும் பங்கில்ல சிஸ்டர். நாங்க கஞ்சி குடிக்கையில இவுகளும் கஞ்சிதேன்.”

“கருவாடு குடுப்பீங்கல்லண்ணே” என்றார் சிஸ்டர் ஜெர்லின். யாருக்கும் சிரிப்பு வரவில்லை, யாக்கோபுவைத் தவிர.

ராம்குமார் வெகுநேரம் கால்குலேட்டரில் தட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “நான் மில்லு, காலேஜு, ஆஸ்பத்திரின்னு நாப்பது கணக்குப் பாக்குறேன் சிஸ்டர். படகு கடலுக்குப் போன மாசம் ஒண்ணுலகூட இந்தப் பணம் வராம இல்ல. இரக்கப்பட்டுக் கூடவும் குடுக்கல, சலிச்சுப்போய்க் குறைக்கவும் இல்ல. ஒரு ஆள் பங்கு, அவ்வளவுதான். படகுக்காரங்க பேரு, முகவரிப் பட்டியல் மட்டும் கிடைச்சா முறைப்படி எழுதிரலாம். அரசு மானியம் முப்பதாயிரத்தையும் சேத்தா மாசச் செலவுக்குச் சரியா வருது. ஆனா வருஷத்துல அந்தத் தடைக்காலம் ரெண்டு மாசம் ஓட்டை விழுது. ஒண்ணரை லட்சத்துக்கும் மேல. போன மூணு வருஷமும் பழைய சேமிப்ப எடுத்து அடைச்சிருக்காங்க. இப்ப அதுவும் தீந்துபோச்சு.”

இதைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். சிஸ்டர் ஜெர்லின் கைகளைக் கோத்துக்கொண்டார். கூடத்தில் யாரோ ஒரு பிள்ளை தட்டைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

சிஸ்டர் பெர்க்மான்ஸ் பேரேட்டைத் தன் பக்கம் இழுத்து, முதல் வருஷத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

“இந்த வருஷம் மூணு இல்லத்த நானே மூடிட்டு வந்தேன்” என்றார் கடைசியில். “மூணுலயும் பேங்குல பணம் கிடந்துச்சு. மூடுறோம்னு சொன்னப்ப ஊருக்குள்ளருந்து ஏன்னு கேக்க ஒரு ஆள் வரல.” பிறகு யாக்கோபுவைப் பார்த்தார். “படகு ஓடும்போது எங்களுக்கு ஒரு பங்குன்னா, நிக்கும்போது நட்டத்துலயும் எங்களுக்கு ஒரு பங்கு இருக்கணும்ல? அந்த ரெண்டு மாசப் பணத்த மாகாணம் போடும். வருஷா வருஷம். லிண்டா, எழுதும்மா.”

நான் எழுதினேன். அவசரத்தில் ‘மாகாணம்’ இரண்டு முறை விழுந்துவிட்டது. சிஸ்டர் ஜெர்லின் காலையிலிருந்து முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அப்ப நீங்களும் பங்காளி” என்றார் யாக்கோபு. “பங்காளின்னா சண்டையும் வரும் சிஸ்டர்.”

“வரட்டும்.”

யாக்கோபு பணத்தை என் மேசையில் வைத்துவிட்டு, வாசலில் நின்றே கரைக்கு போன் போட்டார். காற்றில் பாதிதான் எங்களுக்குக் கேட்டது.

“ஏலே கிளாட்சா... இல்லலே, மூடல... ஆமா... திருச்சிக்காரவுகளும் இனி நம்ம படகுலதேன்.”