பட்டியலில் ஆறாவது நாடகம்

சண்முகவடிவு ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பது ஹட்டன் டவுன் தபாலகத்துக்கு வந்துபோகிற எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை முகவரி சரியில்லாத ஒரு கடிதத்துக்கு ஆள் தேடி மூன்று தோட்டங்களுக்குப் போன் போட்டு, கடைசியில் அதைப் பட்டிப்பொல ஸ்டேசனில் வேலை செய்கிற ஒருவரிடம் சேர்த்தாள். பிரித்துப் பார்த்தால் சோப்பு விளம்பரம். அதைச் சொல்லி இன்னமும் சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரிப்பாள். அடுத்த கடிதத்துக்கும் அதையேதான் செய்வாள்.

அப்படிப்பட்டவள் அந்தப் புதன்கிழமை மத்தியானம் கவுண்டரை மூடிவிட்டு, சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல், தடித்த அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

விஷயம் இதுதான். ஹட்டனில் ஒரு நாடக மன்றம் இருக்கிறது. மன்றம் என்றால் பெரிய கட்டடமெல்லாம் இல்லை, மூன்று பேர்தான். தலைவர் செபமாலை மாஸ்டர், நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டு ஓய்வுபெற்றவர். அடுத்தது விஜிதரன், பல்கலைக்கழகத்தில் அரங்கியல் படித்துவிட்டு வந்த இளம் ஆசிரியர். செயலாளர் சண்முகவடிவு. வருடம் ஒருமுறை, மலைநாட்டில் எழுதப்படுகிற புது நாடகங்களை வரவழைத்துப் படித்து, 'வாசிக்கவும் மேடையேற்றவும் தகுந்தவை' என்று ஐந்து நாடகங்களைப் பரிந்துரைத்து அச்சடித்து அனுப்புவார்கள். பள்ளிக்கூடங்கள், தோட்டத்து இளைஞர் கழகங்கள், கோயில் திருவிழாக் குழுக்கள் எல்லாம் அந்தத் தாளைப் பார்த்துத்தான் அந்த வருடம் எதைப் போடுவது என்று முடிவு செய்யும். பட்டியலில் வந்த நாடகம் பத்து மேடையாவது ஏறிவிடும். வராதது தபாலில் வீடு திரும்பி, தகரப்பெட்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இந்த வருடப் பட்டியல் போன சனிக்கிழமையே முடிந்துவிட்டது. மாஸ்டரும் விஜிதரனும் கையெழுத்துப் போட்டாயிற்று. அவளும் போட்டு, வருகிற திங்கட்கிழமை அச்சகத்தில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள், தேறாத நாடகங்களைத் திருப்பி அனுப்பலாம் என்றுதான் கட்டிக்கொண்டிருந்தாள். கடைசிக் கொப்பியின் விலாசம் உள்ளட்டையில் இருந்தது. அதைப் பார்க்கத் திறந்தாள்.

கொப்பியை எழுதியது வேலாயி என்று பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஒரு பெண். நாடகத்தின் பெயர் 'ஏழாம் நம்பர் மலை'. மன்றத்தில் யாரும் கையெழுத்துப் பிரதியைப் படிப்பதில்லை. எல்லாவற்றையும் கொம்யூனிகேசன் கடைத் தனுஜாவிடம் கொடுத்து டைப் அடித்து, மூன்று பிரதியெடுத்துத்தான் படிப்பார்கள். டைப்பில் இந்த நாடகம் ஐந்து பெண்கள் ஆளுக்கு நாலு பக்கம் ஒருவர் பின் ஒருவராகப் பேசுவதாக இருந்தது. ஒருத்தி பேசி முடித்துவிட்டு அடுத்தவள். கேள்வி எங்கேயோ, பதில் எங்கேயோ. மாஸ்டர் ஓரத்தில் 'இது நாடகமல்ல, புலம்பல்' என்று எழுதினார். சண்முகவடிவு பத்துக்கு மூன்று போட்டாள்.

கொப்பியிலோ ஒவ்வொரு பக்கமும் அடிமட்டம் வைத்துப் பென்சிலால் ஆறு பத்தியாகக் கோடு போட்டிருந்தது. ஒவ்வொரு பத்திக்கும் மேலே ஒரு பெயர். ஒருத்தி முதல் பத்தியில் ஏதோ கேட்கிறாள். அதே வரிசையில் மூன்றாம் பத்தியில் ஒருத்தி பதில் சொல்கிறாள். இரண்டு விரற்கடை கீழே ஐந்தாவது ஆள் அதைக் கேட்டுச் சிரிக்கிறாள். நாலாம் பத்திக்கு மேலே 'ராக்கம்மா' என்று பெயர் மட்டும் இருந்தது. கீழே எதுவுமே இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வெள்ளை.

தனுஜா ஹட்டன் டவுனில் பிறந்து வளர்ந்தவள். ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாக மேலிருந்து கீழே அடித்துவிட்டாள். வெறும் பத்தியில் அடிக்க ஒன்றும் இல்லையென்று ராக்கம்மாவை விட்டே விட்டாள். ஆனால் சண்முகவடிவு தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவள். அம்மாவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோய் மலையடிவாரத்தில் நின்றவள். பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது பத்தி இல்லை, நிரை. கொழுந்து எடுக்கிறபோது ஆளுக்கொரு நிரை கொடுப்பார்கள். அவரவர் நிரையில் ஏறிக்கொண்டே, கையை நிறுத்தாமல், முகத்தைத் திருப்பாமல், பக்கத்து நிரைக்குப் பேச்சைப் போடுவார்கள். வேலாயி எழுதியது அதைத்தான். தெரிந்த தானும் டைப்பை மட்டும் படித்துவிட்டு மூன்று போட்டோமே என்றுதான் அவளுக்குச் சோற்றில் மனம் போகவில்லை.

அன்று சாயந்தரமே மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். மாஸ்டர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கோடு நன்றாகப் போட்டிருக்கிறாள் என்றார். முடிந்ததைக் கிளறினால் வருடா வருடம் கிளறிக்கொண்டேதான் இருக்க வேண்டும், ஐந்தாவது நாடகம் எழுதின லோஜினிக்குப் போன் பண்ணி வாழ்த்தும் சொல்லியாயிற்று, அவள் கினிகத்தேனை ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாள் என்றார். எல்லாம் நியாயம்தான். சண்முகவடிவு தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், நாம இந்த நாடகத்த வேணாம்னு சொல்லல. நாம இத படிக்கவே இல்ல."

"நீயுந்தான வடிவு மூணு போட்ட?"

"போட்டேன். அந்த மூண திருப்பி எடுத்துக்கிறேன். இத ஒரு தடவ சரியா கேக்காம நான் கையெழுத்து போடமாட்டேன்."

"திங்கக்கிழம அச்சுக்குப் போகணும்."

"ஞாயித்துக்கிழம இருக்குல்ல."

விஜிதரனுக்குப் போனில் சொன்னபோது அவன் கேள்விமேல் கேள்வி கேட்டான். ஆறு பத்தியை எப்படி வாசிப்பது, யார் முதலில், யார் அடுத்தது, ஒழுங்கே இல்லையே என்றான். அது வேலாயிக்குத் தெரியும், நேரில் போய்க் கேட்போம் என்று சொல்லி வைத்துவிட்டாள். கையெழுத்துப் போடாத பட்டியல் அவள் கைப்பையிலேயே கிடந்தது. மாஸ்டர் இரண்டு தரம் ஆள் அனுப்பிக் கேட்டும் கொடுக்கவில்லை.

ஞாயிறு காலை மூவரும் பொகவந்தலாவை பஸ் ஏறினார்கள். நோர்வூட் தாண்டியதும் வளைவுகளில் மாஸ்டருக்குத் தலை சுற்றியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, இதற்கு லோஜினி நாடகம் எவ்வளவோ மேல், அதற்கு ஹோலில் கதிரை போட்டு உட்கார்ந்தால் போதும் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

வேலாயிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். விரலெல்லாம் கொழுந்துக் கறை. ஹட்டனிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று அவள் ஒன்றும் விழுந்து விழுந்து உபசரிக்கவில்லை. டைப் பிரதியை வாங்கி இரண்டு பக்கம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற பெண்ணிடம் நீட்டினாள்.

"இங்க பாரேன், நம்மள ஒவ்வொருத்தியா மேடையில ஏத்தி வுட்டு ஒப்பாரி வைக்கச் சொல்லியிருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. இதை எப்படி வாசிப்பது, கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள் என்று விஜிதரன் மரியாதையாகக் கேட்டான்.

"ஒக்காந்து வாசிச்சா வராது சேர். நிரை புடிச்சாத்தான் வரும்."

லயத்துக்குக் கீழே செடிகளைக் கவ்வாத்து வெட்டி மொட்டையாக நின்ற துண்டு மலை ஒன்று இருந்தது. வேலாயியும் அவளோடு வேலை செய்கிற நாலு பேரும் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, வெறுங்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அடியில் இறங்கினார்கள். ஐந்து பேரும் ஐந்து நிரையில் நின்றார்கள். நாலாவது நிரையை விட்டுவிட்டார்கள். விஜிதரன் அடிவாரத்தில் ஒரு கல்லில் உட்காரப் போனான். வேலாயி நிரையிலிருந்து கையை ஆட்டினாள்.

"அங்கன இல்ல சேர். மேல ரோட்டுல போயி நில்லுங்க. கங்காணி நிக்கிற எடத்துல."

மேலே போய் நின்றார்கள். ஐந்து பேரும் ஏறத் தொடங்கினார்கள். மொட்டைச் செடிமேல் பத்துக் கைகள் பறந்தன, எடுப்பதற்கு ஒரு கொழுந்துகூட இல்லை. வாய்கள் அசைந்தன. ஒரு சொல்லும் மேலே வரவில்லை. மாஸ்டர் காதைக் குவித்துக்கொண்டு, ஒன்றும் கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாகப் பேசச் சொல் என்றார். சண்முகவடிவு கீழே பார்த்து அதைச் சொன்னாள். பதில் மட்டும் நன்றாகவே கேட்டது.

"கேக்கக் கூடாதுன்னுதான பேசுறோம்."

விஜிதரன் கொப்பியைத் திறந்து கையில் வைத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் அதை மூடிவிட்டான்.

அவர்கள் ஏற ஏறச் சொல் ஒவ்வொன்றாக மேலே வந்தது. முதலில் சிரிப்பு. பிறகு யாருடைய மகனோ கொழும்புக் கடையில் வேலைக்குப் போய் ஒரு மாதமாகப் போன் எடுக்காத கதை. அதற்கு நடுவில் ஒருத்தி 'கூடு' என்றாள். மூன்று நிரை தள்ளி இன்னொருத்தி, சொல்லியாச்சு, பார்க்கிறோம் என்றார்கள் என்றாள். பேச்சு மறுபடி மகனுக்குப் போனது. மறுபடி கூட்டுக்கு வந்தது. நிழல் மரத்தில் குளவிக் கூடு இருந்திருக்கிறது. கங்காணியிடம் வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கிறார்கள், திங்கட்கிழமையும் சொல்லியிருக்கிறார்கள். அந்த மரம் நாலாவது நிரையில். நாலாவது நிரையைத் தாண்டிப் பேச்சுப் போகிறபோதெல்லாம், அங்கே யாரோ குனிந்து கொழுந்து எடுப்பது போல ஒரு கணம் நின்று, பிறகுதான் அடுத்தவள் வாய் திறந்தாள். இந்த நிறுத்தம் எப்படி டைப்பில் வரும் என்று சண்முகவடிவு நினைத்துக்கொண்டாள்.

பத்தடி தூரத்துக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. மேலே, வேலையை மேற்பார்க்கிற கங்காணி நிற்கிற இடமாயிற்றே. ஐந்து பேரும் கடைசிச் செடிவரை எடுத்து முடித்து, ரோட்டோரம் வந்து, மூவரின் முகத்துக்கு நேரே நின்றார்கள். நாலாவது நிரையின் முன்னால் ஒரு ஆள் அகலத்துக்கு வெறும் இடம்.

காற்று அடித்தது. ஐந்து பேரின் கையும் படங்கின்மேல் சும்மா கிடந்தது.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சண்முகவடிவுக்குத் தெரியும். 'மேலே நிற்பவர்களில் ஒருவர் கேட்பார். கேட்காவிட்டால், கேட்கும்வரை நிற்க வேண்டும்.' தனுஜா அதைக் குறிப்பு என்று நினைத்து அடிக்காமல் விட்டிருந்தாள். சண்முகவடிவு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளே கேட்டால் கெட்டுப்போகும். தெரிந்தவள் கேட்டால் அது நாடகமில்லை. யாரும் கேட்காமல் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரி நல்லது, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவும் செய்தார். விஜிதரன் ஏதோ சொல்ல வந்து, மாஸ்டரைப் பார்த்து அடங்கிக்கொண்டான். அவளுக்குக் கைப்பையின் வார் உள்ளங்கையில் அறுத்தது.

மாஸ்டர் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பார்வை வெறும் இடத்துக்கு வந்து நின்றது. அப்படியே அந்த நிரை வழியாகக் கீழே இறங்கி, அடிவாரம்வரை போய், திரும்பி வந்தது.

"இந்த நிரைய ஏன் விட்டுட்டீங்க?" என்றார்.

ஐந்து பேரும் சேர்ந்து, சத்தம் போடாமல், யாரோ பெயர் கேட்டதற்குச் சொல்வது போலச் சொன்னார்கள்.

"அது ராக்கம்மா நிரை."

அவ்வளவுதான் நாடகம். கூடையை இறக்கி வைத்துவிட்டு வேலாயி சாதாரணமாகத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டாள். மாஸ்டர் அதே இடத்தில் நின்றார். இது நடந்ததா என்று கேட்டார். போன வருடம், இதே கூட்டம்தான், குளவி கொட்டித்தான் ராக்கம்மா போனாள் என்றாள் வேலாயி. ராக்கம்மா நன்றாகப் பாடுவாளாம். கொப்பியில் அவளுக்கு என்ன எழுதுவது என்று இரண்டு மாதம் யோசித்தும், எதை எழுதினாலும் அவள் பேச்சு மாதிரி வரவில்லையாம். அதனால் விட்டுவிட்டாளாம்.

லயத்து வாசலில் பெஞ்சில் உட்கார்ந்துதான் மிச்சம் நடந்தது. லோஜினியை எடுப்பதா என்று மாஸ்டர் கேட்டார், குரலில் பழைய உறுதி இல்லை. எடுக்கக்கூடாது, அது நல்ல நாடகம் என்றாள் சண்முகவடிவு. அப்புறம் எப்படி, பட்டியல் என்றால் ஐந்துதான் என்றார். ஐந்து என்று யார் வைத்தது என்று விஜிதரன் கேட்டதும் மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். அந்தக் காலத்தில் ஸ்டென்சில் தாளில் ஐந்துக்குத்தான் இடமிருந்தது, அப்படியே வந்துவிட்டது என்றார்.

"ஸ்டென்சில் மெசின் துருப்பிடிச்சு இருவது வருசமாச்சு மாஸ்டர்," என்றாள் சண்முகவடிவு. "இன்னொரு தாளு வச்சாலும் தபாலுக்கு அதே முத்திரதான் ஒட்டணும். நான் சொல்றேன்ல, தபால்காரி."

மாஸ்டர் அவளைப் பார்த்தார். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினார்.

பரிந்துரை எப்போதும் அவர்தான் எழுதுவார். அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். இரண்டு வரியில் கதை, பிறகு மேடை, நேரம், நடிகர். கதையை எழுதினார். மேடை என்ற இடத்தில், 'வேண்டாம். சரிவான நிலம் போதும். பார்ப்பவர்கள் மேலே நிற்க வேண்டும்' என்று எழுதினார். வேலாயியைக் கேட்டு, நேரம் 'ஒரு நிரை ஏறும் நேரம்' என்று போட்டார். நடிகர் என்ற இடத்தில் 'பெண்கள் ஐவர்' என்று எழுதித் தாளைச் சண்முகவடிவிடம் நீட்டினார்.

அவள் வாங்கிப் படித்தாள். பேனாவைத் திறந்தாள். மூடிவிட்டாள்.

"இன்னும் என்ன வடிவு?"

"ஆறு மாஸ்டர்."

"நாலாவது ஆளு மேடைக்கே வரலயே."

"நிரை இருக்குல்ல. அஞ்சுன்னு போட்டா, போடுறவங்க அஞ்சு நிரையத்தான் புடிப்பாங்க. அந்த எடம் அடைஞ்சு போயிரும்."

தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றிருந்த வேலாயி அப்போதுதான் முதல்முறையாகச் சண்முகவடிவைச் சரியாகப் பார்த்தாள். பெஞ்சில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மாஸ்டர் தாளைத் திருப்பி வாங்கி, 'ஐவர்' என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'அறுவர்' என்று எழுதினார். அதற்குக் கீழே, தன் வழக்கத்தில் இல்லாதபடி, பெயர்களையும் வரிசையாக எழுதத் தொடங்கினார். நாலாவது இடத்துக்கு வந்ததும் எழுத்து சரிதானா என்று வேலாயியிடம் கேட்டுக்கொண்டார்.

சண்முகவடிவு கையெழுத்துப் போட்டாள். பஸ் கீழே வளைவில் ஹோர்ன் அடித்தது. அடுத்ததில் போகலாம் என்றார் மாஸ்டர், தலைசுற்றல்காரர்தான். முதல் பக்கத்திலிருந்து இன்னொரு தரம் ஏறிக் காட்டச் சொன்னார்.