பாத்ரூமில் தைத்த பதினைந்து போர்வைகள்

சித்திரை பிறந்து நாலாம் நாள், பெஞ்சமின் தன் வீட்டுச் சமையலறைச் சுவரைக் கடப்பாரையால் முதல் இடி இடித்துத் திறந்துவைத்தான். ரிப்பனும் கத்தரிக்கோலும்தான் குறை. மூன்று மாதமாகக் கைப்பேசியில் வீடியோ பார்த்துத் தேறியவன் அவன். சமையலறைக்குச் சுவரே இல்லாமல் செய்துவிட்டால் வீட்டுக்குக் காற்றோட்டம் வருமாம். ஏரிக்காற்று ஏற்கெனவே ஜன்னல் கதவுகளைப் பிய்த்துக்கொண்டிருந்த மானாம்பதியில் இருந்துகொண்டுதான் அவனுக்கு இந்த ஞானம் வந்தது.

"ரெண்டே மாசம்," என்றார் வேதகிரி மேஸ்திரி. "ஆனி பொறக்கறதுக்குள்ள, இது உங்க வூடுதானான்னு நீங்களே கேப்பீங்க."

மேஸ்திரி சொன்ன சொல் தவறாதவர். ஆனி பிறந்தபோது அது வீடுதானா என்று எல்லோருமே கேட்டார்கள். சமையலறைச் சுவர் இல்லை, கூடத்தில் தரை இல்லை, பின்பக்கத்துக் கதவு நிலையோடு கழன்று முருங்கை மரத்தில் சாய்ந்திருந்தது. பெஞ்சமின் மனைவி சோபியா கொல்லையில் இரண்டு தகரத்தைச் சாய்த்து, அதன் நிழலில் கேஸ் அடுப்பை வைத்துக் கத்திரி வெயில் முழுக்கச் சமைத்தாள். காற்றோட்டத்துக்கு அங்கே குறையே இல்லை.

சோபியாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. உத்திரமேரூரில் தையல்கடை வைத்திருக்கும் சுகுமார், வெட்டிப் போட்ட துண்டுத்துணிகளை மூட்டை மூட்டையாக அவளுக்குக் கொடுப்பார். அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி, நிறம் பார்த்து இணைத்து, அடியில் பழைய நூல்புடவையை இரண்டு மடிப்பாக வைத்து ஒட்டுப்போர்வை தைப்பாள். பெஞ்சமின் இதற்கு வைத்திருந்த பெயர் 'டைம்பாஸ்'. அவன் ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். ஷிப்டு முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்து வீடியோ பார்ப்பானே, அதற்குப் பெயர் 'பிளானிங்'.

சுவர் போனதும் தையல் மிஷினுக்கும் இடம் போனது. கூடத்திலிருந்து வாசலுக்குப் போனது. வாசலில் ஜல்லி வந்து இறங்கியதும் மகள் எஸ்தரின் கட்டிலோரம் போனது. எஸ்தர் பன்னிரண்டாம் வகுப்பு.

"யம்மா, நான் வேதியியல் படிக்கிறேன். உன் மிஷினு ஒவ்வொரு பக்கத்தையும் படிச்சிக் காட்டுது," என்றாள்.

மிஷின் மறுபடியும் புறப்பட்டது.

ஆடி வந்தது. மேஸ்திரி கையைக் கழுவிக்கொண்டார்.

"ஆடில சொவுரு ஏத்தக் கூடாதும்மா."

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்க மேஸ்திரி. எங்களுக்கு ஏது ஆடி?"

"உங்களுக்கு இல்லம்மா. கை வெக்கிறவன் நானு. எனக்கு ஆடி கீது இல்ல?"

பெஞ்சமினுக்கு இது மிக நியாயமாகப் பட்டது. ஆடிக்காற்றில் கொல்லையிலிருந்த சிமெண்ட்டுத் தூசியெல்லாம் குழம்பில் விழுந்தது. "இன்னா சோபி, சாம்பாரு கொஞ்சம் கட்டியா கீது?" என்று அவன் கேட்டான். சோபியா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் அடுத்த கவளத்தை அவசரமாக விழுங்கினான்.

ஆவணியில் மேஸ்திரி திரும்பி வந்து, சமையலறையை விட்டுவிட்டு பாத்ரூமை எடுத்துக்கொண்டார். ஏனென்று யாருக்கும் தெரியாது. பத்து நாளில் பளபளவென்று டைல்ஸ் ஒட்டினார், மேல்நாட்டுக் கழிவறைக் கோப்பை பதித்தார், விளக்கும் பிளக்கும் வைத்தார். குழாய் இணைப்பு மட்டும் வரவில்லை. அதற்கு வேறொரு ஆள் வரவேண்டும், அந்த ஆளுக்கு வேறொரு ஊரில் வேலை. ஆகவே வீட்டிலேயே உருப்படியாகக் கூரையும் தரையும் விளக்கும் உள்ள ஒரே அறை, யாரும் எதற்கும் போக முடியாத அந்த பாத்ரூம்தான்.

அந்த வாரம்தான் சுகுமார் கடையிலிருந்து போன் வந்தது. சுகுமாரின் பேரக் குழந்தைக்கு சோபியா கொடுத்த போர்வையை, ஜாக்கெட் தைக்க வந்த ரேணுகா என்ற பெண் பார்த்துவிட்டாள். சென்னையில் கைவினைப் பொருட்கள் விற்கும் கடை வைத்திருப்பவள். கிறிஸ்துமஸுக்குள் பதினைந்து போர்வை வேண்டும் என்றாள். சோபியா யோசிக்கவே இல்லை. சரி என்று சொல்லிவிட்டு, மிஷினைத் தூக்கிக்கொண்டு போய் பாத்ரூமில் வைத்தாள். கோப்பையின் மூடிமேல் தலையணை போட்டு உட்கார்ந்தாள். வாஷ்பேசினில் நூல்கண்டுகள். துண்டு மாட்டும் கம்பியில் தைத்து முடித்த போர்வைகள். தரை டைல்ஸ் ஒவ்வொன்றும் ஓரடிச் சதுரம். துணியை அதன்மேல் போட்டு, கோட்டைப் பார்த்து வெட்டினாள். அளவுகோலே தேவைப்படவில்லை.

"பாத்ரூமுக்குள்ள குந்திக்கினு துணி தைக்கிறியே, பாக்கறவங்க இன்னா சொல்வாங்க?" என்றான் பெஞ்சமின்.

"பாத்ரூமு கட்டியும் வயக்காட்டுக்குப் போறாங்களேன்னு சொல்வாங்க," என்றாள் அவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புரட்டாசி முடிவதற்குள் ஆறு போர்வைகள் தயாராகின. மாம்பழ மஞ்சளும் கத்தரிப்பூ நிறமும் கலந்த ஒன்று அவளுக்கே பிடித்துப்போய், விற்க மனம் வராமல் அடிக்கடி எடுத்துப் பார்த்து மடித்து வைத்தாள். எல்லாவற்றையும் ஒரு கோணிப்பையில் கட்டி, ஈரம் படாத இடமென்று எஸ்தரின் கட்டிலடியில் வைத்தாள்.

ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டது. ஒரு மத்தியானம் அவள் எஸ்தரின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தாள். பெஞ்சமினுக்கு விடுமுறை. வாசலில் பன்னிரண்டு மூட்டை சிமெண்ட்டு இருந்தது. தார்ப்பாயைக் காற்று தூக்கிக்கொண்டு போய் ஏரிக்கரையில் போட்டது. வாழ்நாளில் முதல் முறையாக பெஞ்சமின் பிளான் போடாமல் வேகமாக ஒரு காரியம் செய்தான். கட்டிலடியில் கனமாக ஏதோ கோணிப்பை இருக்கிறதே என்று இழுத்து, உள்ளே இருந்ததை எடுத்துச் சிமெண்ட்டுமேல் விரித்துப் போர்த்தினான்.

நனைந்த ஊரைத் தாண்டி சோபியா திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. பெஞ்சமின் வாசலில் பெருமையாக நின்றிருந்தான்.

"ஒரு மூட்டகூட வீணாப் போவல. எல்லாத்தையும் காப்பாத்திட்டேன்," என்றான்.

சிமெண்ட்டையும் அவன் காப்பாற்றவில்லை. மழைத்தண்ணீர் துணிக்குள் இறங்கி, சிமெண்ட்டுக்குள் இறங்கி, இரண்டும் ஒன்றாகிக்கொண்டிருந்தன. சோபியா அந்த மாம்பழ மஞ்சள் போர்வையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். பலகைபோல் எழுந்தது. விட்டாள். 'டொம்' என்றது.

அவள் கத்துவாள் என்று அவன் காத்திருந்தான். கத்தியிருந்தால் அவனுக்குப் பழக்கப்பட்ட விஷயம். திரும்பக் கத்திவிட்டு டீக்கடைக்குப் போயிருப்பான். அவள் படியில் உட்கார்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அவள் மாமனார் சாவுக்கும், எஸ்தருக்கு டெங்கு வந்தபோதும் மட்டும்தான் அப்படி அழுதிருக்கிறாள். பெஞ்சமினுக்கு எங்கே கையை வைப்பது என்று தெரியவில்லை.

"பழைய துணிதான சோபி..." என்று ஆரம்பித்தான்.

"நைனா," என்றாள் எஸ்தர், "வாய மூடிக்கினு உள்ள போ."

போனான்.

மறுநாள் காலை சோபியா சட்டம் அறிவித்தாள். போர்வை முடிகிற வரைக்கும் வீட்டு வேலை நிற்கும். சமையல் பெஞ்சமினுடையது. துணி பிரிப்பதும் இஸ்திரி போடுவதும் எஸ்தருடையது, படிப்பு நேரம் போக. நாற்காலியும் வீடியோவும் யாருக்கும் கிடையாது.

"எனக்கு டூட்டி கீதே," என்றான் பெஞ்சமின்.

"எனக்குந்தான் கீது."

வேலை இல்லை என்று சொன்ன பிறகுதான் வேதகிரி மேஸ்திரி தினமும் வர ஆரம்பித்தார். வா வா என்று ஆறு மாதம் கெஞ்சியபோது அவருக்கு வராத ஆர்வம் இப்போது வந்தது. பாத்ரூம் வாசலில் நின்று, தரையில் பரப்பிவைத்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யம்மா, இந்த மூல சேரல. துணிய கோணலா வெட்டிக்கீற."

"உன் டைல்ஸுமேல வெச்சித்தான் மேஸ்திரி வெட்டுனேன்."

"டைல்ஸு நேராத்தான் கீது. உன் கத்திரிதான் கோணல்."

அடித்துச் சொன்னவர் நிரூபித்தே தீருவதென்று பையிலிருந்து மூலைமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். ஒரு மூலையில் வைத்தார். இன்னொரு மூலையில் வைத்தார். பிறகு குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சுவரோரம் போகப் போக, கோடுகள் கிட்டத்தட்ட விரல் பருமன் விலகியிருந்தன.

"ஈரத்துல தரை நகந்துருக்கும்," என்றார்.

"தரையா?" என்றாள் சோபியா.

மேஸ்திரி மூலைமட்டத்தை அவள் கையில் கொடுத்தார். சற்று நேரம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவள் பிடித்த விதம் அவருக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து துணி வெட்டுவது மேஸ்திரியின் பொறுப்பானது. சுவரில் அரை அங்குலம் தள்ளிப்போனால் "பூசுனா தெரியாது" என்பவர், துணியில் ஒரு நூல் விலகினாலும் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வெட்டினார். பச்சைக்குப் பக்கத்தில் ஊதாவை வைக்கக் கூடாது என்று ஒருநாள் முழுக்கச் சண்டை போட்டார். அவர் சொன்னதுதான் சரி என்பது சோபியாவுக்கு எரிச்சலாக இருந்தது.

பெஞ்சமின் கார்த்திகை முழுவதும் சமைத்தான். முதல் வாரம் ரசம். இரண்டாம் வாரமும் ரசம். மூன்றாம் வாரம் தகரத்துக்கடியில் மழை ஒழுகி அடுப்பு அணைந்தபோது, கையில் கரண்டியோடு கொல்லையில் நின்று, "இந்த எடத்துல எப்டி மனுசன் சமைப்பான்?" என்று கத்தினான்.

உள்ளே மிஷின் சத்தம் ஒரு நொடி நின்று, திரும்பவும் ஓடியது.

அன்று இரவு சாப்பிடும்போது, "இந்தத் தகரத்துக்கடில ஏயு மாசம் ஆக்கிக்கீற. நீ ஒருவாட்டிகூட சொல்லலியே," என்றான்.

"சொன்னேன்யா. நீ காதுல வயரு மாட்டிக்கினு பிளானிங் பண்ணிக்கினு இருந்த."

டிசம்பர் பதினெட்டாம் தேதி பதினைந்தாவது போர்வைக்கு ஓரம் அடித்து முடித்தார்கள். ரேணுகா கார் எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்தாள். அவளை உட்காரவைக்க வீட்டில் இடமில்லாததால், பாத்ரூமுக்குள்ளேயே அழைத்துப் போனார்கள். அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து, தையலைத் தடவிப் பார்த்து, "மூலையெல்லாம் எவ்வளவு கச்சிதம்!" என்றாள். வாசலில் நின்ற மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்தினார். அவருடைய முப்பது வருஷத் தொழிலில் அந்த வார்த்தையை யாரும் அவரிடம் சொன்னதில்லை. சித்திரைக்குள் இருபது வேண்டும் என்று சொல்லிவிட்டு ரேணுகா கிளம்பினாள்.

தையில் வீட்டு வேலை மறுபடி தொடங்கியது. இந்தமுறை பிளானை சோபியா போட்டாள், ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில். சமையலறைக்குச் சுவர் திரும்ப வந்தது. அதற்கடுத்து தையலுக்கென்று ஒரு சின்ன அறை, கிழக்கே ஜன்னல் வைத்து. மேஸ்திரி மூலைமட்டம் வைத்து வைத்துக் கட்டினார். மாசிக் கடைசியில் வெள்ளையடித்தார்கள். ஏசுதாஸ் பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். வந்தவர்களிடமெல்லாம், "ஓப்பன் கிச்சன்லாம் நம்ம ஊரு காத்துக்கு ஒத்துவராது. நான்தான் வேணாம்னுட்டேன்," என்று பெஞ்சமின் விளக்கிக்கொண்டிருந்தான். சோபியா கேசரி பரிமாறிக்கொண்டே அதைக் கேட்டாள். அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

பங்குனியில் ஒருநாள், காலை ஷிப்டு முடிந்து வந்த பெஞ்சமின், சோபியா தன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். நேராகச் சமையலறைக்குப் போனான். சாமான்கள் உருண்டன. கொஞ்ச நேரத்தில் ஒரு டம்ளர் டீயோடு வந்து, போர்வைத் துணியில் படாமல் தள்ளி வைத்துவிட்டு நின்றான்.

அவள் ஒரு வாய் குடித்தாள்.

"இன்னாய்யா, ஊர்ல சக்கரையே கெடைக்கலியா?"

"மறந்துட்டேன். குடு, போட்டு எடுத்தாறேன்."

"வேணா," என்று டம்ளரை நகர்த்திக்கொண்டாள். "அந்த ஊதாத் துணிய எடு. சும்மாதான நிக்கிற?"