மணமகள் அறையில் நகுதா

எங்கள் முஹர்ரக் தீவின் பழைய தெருக்களைப் பயணிகளுக்குச் சுற்றிக் காட்டும்போது நஜ்லா முன்னால் நடப்பாள், நான் கடைசியில் நடப்பேன். படம் எடுக்கிறேன் என்று சந்துக்குள் நின்றுவிடுகிறவர்களைத் தேடிப் பிடித்து ஓட்டிவருவது என் பொறுப்பு. நஜ்லாவின் குரல் அப்படி, கரையில் நின்று கூப்பிட்டால் கடலில் போகும் படகு திரும்பிவிடும். அதனால் அலுவலகத்தில் எல்லாரும் அவளை நகுதா என்றுதான் அழைப்போம், கப்பல் தலைவனை அழைப்பதுபோல. வருகிறவர்களிடம் அவளும் அந்தப் பெயரையே சொல்லிக்கொள்வாள்.

"என் பேரு நகுதா. என் பின்னாலயே வாங்க, பத்திரமா கரை சேத்துடுறேன்."

அந்தச் சனிக்கிழமை காலை அவளுக்கு வேலையில் மனம் இல்லை. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அவளைப் பெண் பார்க்க சவூதியில் உள்ள அல்கோபரிலிருந்து ஒரு குடும்பம் கடல் பாலம் தாண்டி வருவதாக இருந்தது. தூரத்து உறவு ஒருத்தி போனிலேயே பேசி முடித்த ஏற்பாடு. பையனின் படம் அம்மாவின் போனில் இருந்தும் நஜ்லா பார்க்க மறுத்துவிட்டாள். அவளுடைய படத்தையோ, பெண்பிள்ளை படத்தை வெளியே அனுப்புவதில்லை என்று அப்பா கொடுக்கவில்லை.

"படத்துல எல்லாரும் நல்லாத்தாண்டி இருப்பாங்க, பத்ரியா. நேர்ல வரட்டும், வேண்டாம்னு சொல்லி அனுப்பிடுறேன்."

"பாக்காமயே வேண்டாமா?"

"பையனோட அம்மாவப் பத்திக் கேள்விப்பட்டா நீயும் அதத்தான் சொல்லுவ."

அன்று கூட்டம் குறைவு. ஹாலந்திலிருந்து வந்திருந்த ஒரு வயதான தம்பதி, அவர்களோடு ஒரு சவூதிக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் நால்வர் (பெயரெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது): முழங்கால் வலியுள்ள அப்பா, நிமிர்ந்த நடையும் கூர்மையான கண்களும் உள்ள அம்மா ஜவாஹர், எதற்கும் சிரிக்கிற சித்தி முனீரா, அதிகம் பேசாத மகன் நவாஃப். பாலத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நிற்கும் என்று பயந்து விடியற்காலையிலேயே கிளம்பினார்களாம். பாலமோ காலியாகக் கிடந்திருக்கிறது. சாயங்காலம் வரை என்ன செய்வது என்று எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். வாரக் கடைசியில் பாலம் தாண்டி வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அதனால் எனக்கும் எதுவும் தோன்றவில்லை.

நாங்கள் காட்டும் ஐந்து பழைய வீடுகளில் முதல் வீட்டு மாடியில் நல்ல காற்று. ஹாலந்துக்காரரின் தொப்பி பறந்து பக்கத்து வீட்டு மாடியில் போய் விழுந்தது. போனால் போகட்டும் என்று அவர் கையை விரிப்பதற்குள் நவாஃப் வெள்ளை அங்கியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் ஏறிவிட்டான்.

"கீழ இறங்குங்க. நீங்க விழுந்தா என் வேலை போயிடும்" என்று நஜ்லா கத்திய கத்தலில் தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"விழமாட்டேன்."

"விழுறவங்க எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க."

தாண்டிப் போய்த் தொப்பியோடு திரும்பினான். அங்கி முழுக்க சுண்ணாம்பு. முட்டியில் ஒரு கிழிசல். அதைப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் போட்டுக்க வேற இல்லயேடா" என்று ஜவாஹர் தலையில் கை வைத்தாள். முனீரா சிரித்தாள். நஜ்லா தன் பையிலிருந்து ஊசி நூல் எடுத்துக் கொடுத்தாள். "கிழிக்கிறவங்களே தைச்சுக்கணும். இந்த வீட்டுச் சட்டம்." நவாஃப் படிக்கட்டில் உட்கார்ந்து நிஜமாகவே தைத்தான். தையல் ஒழுங்காக இல்லை. நஜ்லா மற்றவர்களுக்கு, வீட்டுக்குள் காற்றை இறக்கும் காற்றுக் கோபுரத்தைக் காட்டிக்கொண்டே, ஓரக்கண்ணால் அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கியதை நான் கவனித்தேன். அன்று காலையில் அவள் முகம் தெளிந்தது அப்போதுதான்.

அல்வாக் கடையில் நின்றோம். ஜவாஹர் சூடான அல்வாவை நஜ்லாவின் கையில் தானே வைத்தாள். அதன் பிறகு அவளை விட்டு நகரவே இல்லை. எங்கே படித்தாய், எத்தனை மொழி தெரியும் என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். மூன்றாவது வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இருவரும் பல வருடம் பழகியவர்கள்போல ஆகிவிட்டார்கள்.

அது ஒரு முத்து வியாபாரியின் வீடு. உள்ளே மணமகள் அறையைப் பழையபடியே அலங்கரித்து வைத்திருக்கிறோம். சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிகள், மேலிருந்து தொங்கும் வண்ணக் கண்ணாடி உருண்டைகள், சிவப்புப் பட்டு. நஜ்லா எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் ஜவாஹர் மெதுவாகக் கேட்டாள்.

"உனக்குக் கல்யாணம் ஆச்சா, மகளே?"

"இல்லம்மா. இன்னிக்கு அஸருக்கு அப்புறம் பொண்ணு பாக்க வராங்க. உங்க ஊருதான், அல்கோபர்."

ஜவாஹரின் கை பட்டுத் துணியின் மேலேயே நின்றுவிட்டது. "அப்படியா? உங்க வீடு எந்தப் பக்கம்?"

"புஸைத்தீன்ல, பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால."

முனீரா திரும்பித் தன் அக்காவைப் பார்த்தாள். முழங்கால் வலிக்காரர் நவாஃபைப் பார்த்தார். நவாஃப் சுவரில் இருந்த கண்ணாடியைப் பார்த்தான். அதில் அவன் காது சிவந்துபோனது எனக்குத் தெரிந்தது. நஜ்லாவுக்குக் கண் காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நல்ல விஷயம்தானே, ஏன் முகத்தச் சுளிக்கிற?" என்றாள் ஜவாஹர். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"பையனோட அம்மாதான் காரணம். பேர் சொல்லமாட்டேன், உங்களுக்குத் தெரிஞ்சவங்களாக்கூட இருக்கலாம். மூணு வீட்டுல பொண்ணு பாத்துட்டு மூணையும் வேண்டாம்னுட்டாங்களாம். ஒரு வீட்டுல காபியக் குடிச்சிட்டு, இதுல ஏலக்காய் எத்தனை போட்டீங்கன்னு கேட்டாங்களாம்."

முனீரா முக்காட்டின் நுனியை வாயில் திணித்துக்கொண்டாள்.

"அடப்பாவமே. வேற என்ன சொல்றாங்க அந்தம்மாவப் பத்தி?"

நான் இருமினேன். இன்னும் பலமாக இருமினேன். "தண்ணி குடிடி" என்று சொல்லிவிட்டு நஜ்லா தொடர்ந்தாள்.

"அவங்க வீட்டுல அவங்க பேச்சுதானாம். வீட்டுக்காரர் எந்தக் கலர் செருப்பு வாங்கணும்னுகூட அவங்கதான் சொல்லணுமாம்."

முழங்கால் வலிக்காரப் பெரியவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"பையன் எப்படியாம்?"

"பையனா? வாயே திறக்கமாட்டானாம். அவனுக்கும் சேத்து அம்மாதான் பேசுவாங்களாம்."

"நான் பேசுவேன்" என்றான் நவாஃப்.

நஜ்லா அவனைப் பார்த்தாள். தைத்த முட்டியைப் பார்த்தாள். பிறகு ஜவாஹரைப் பார்த்தாள். நஜ்லாவின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரத்தில் பெரியவர் அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்து, நிற்க முடியாமல், யாரும் உட்காரக் கூடாது என்று கயிறு கட்டி வைத்திருந்த மணமகள் மெத்தையிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி உருண்டைகள் எல்லாம் கிணுகிணுத்தன.

நஜ்லா வெளியே ஓடினாள். முற்றத்து மூலையில் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

"பத்ரியா, என்னக் கடல்ல தூக்கிப் போட்டுடு."

"எவ்வளவு தடவ இருமினேன்."

"உனக்குச் சளின்னு நெனச்சேண்டி."

பின்னாலேயே ஜவாஹர் வந்தாள். நான் நடுவில் நிற்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவள் என்னை விலக்கிக்கொண்டு நஜ்லாவின் முன் போய் நின்றாள்.

"மூணு வீடு இல்ல, ரெண்டு. மூணாவது வீட்டுல அவங்கதான் எங்கள வேண்டாம்னாங்க. ஏலக்காய் கேட்டது நெஜம். காபி நல்லா இருந்துச்சு, அதான் கேட்டேன். அது இப்படியா பாலம் தாண்டி வரும்?"

"அம்மா, எனக்குத் தெரியாம..."

"நீ தெரியாம பேசின. நான் தெரிஞ்சுகிட்டே உன்னப் பேச விட்டேன். இதுல தப்பு யாருது?" நஜ்லாவின் கையை முகத்திலிருந்து எடுத்தாள். "நம்மளப் பத்தி முதுகுக்குப் பின்னால என்ன பேசுறாங்கன்னு நேர்ல கேக்குற பாக்கியம் எத்தன பேருக்குக் கிடைக்கும், சொல்லு. எங்க வீட்டுல யாருக்கும் அந்தத் தைரியம் இல்ல. செருப்பு விஷயத்த மட்டும் மறந்துடு. அவரு இத வெச்சே ஒரு வருஷம் ஓட்டுவாரு."

நஜ்லாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நவாஃப் வாசலருகே வந்து நின்று தொண்டையைக் கனைத்தான்.

"இன்னும் ரெண்டு வீடு இருக்குன்னு சொன்னீங்க. காட்டாம விட்டுடுவீங்களா?"

"வாயே திறக்கமாட்டீங்கன்னு சொன்னாங்க" என்றாள் நஜ்லா தரையைப் பார்த்துக்கொண்டு.

"எடம் கெடச்சாத்தானே."

ஜவாஹர் மகனைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தெருவில் இறங்கி நடந்தாள்.

மிச்சம் இரண்டு வீடுகளையும் நஜ்லா காட்டினாள். குரல் பாதியாகிவிட்டது, கதவைத் தூண் என்றாள், கிணற்றை அடுப்பு என்றாள். யாரும் திருத்தவில்லை. என்ன நடந்தது என்று ஹாலந்துக்காரம்மாள் கேட்டாள், சுருக்கமாகச் சொன்னேன். அவள் நேராகப் போய் நவாஃபின் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொல்லிவிட்டாள். இன்னும் பெண்ணே பார்க்கவில்லை என்று அவனும் மறுக்கவில்லை.

சாயங்காலம் நானும் நஜ்லா வீட்டில் இருந்தேன். காலையில் நடந்ததை அவள் அப்பா ராஷிதிடம் யாரும் சொல்லவில்லை. அவர் இரண்டு நாளாக மனப்பாடம் செய்த வரவேற்புரையைத் தொடங்கினார்.

"முன்பின் அறியாத இரு குடும்பங்கள் இன்று முதன்முதலாக ஒருவரை ஒருவர் காண்கின்றன" என்றார்.

முனீரா முதலில் சிரித்தாள். பெரியவர் அடுத்து. "என் மகள் மிகவும் கூச்ச சுபாவம் உள்ளவள், அதிர்ந்து பேசமாட்டாள்" என்றபோது ஜவாஹரே தாங்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் நஜ்லா என் தோளைக் கடித்தாள், பல் தடம் இரண்டு நாள் இருந்தது.

அவர்களை முற்றத்தில் தனியே பேசவிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது. என்ன பேசினார்கள் என்பது காதில் விழவில்லை. நவாஃபின் குரல்தான் அதிகம் கேட்டது என்பதை மட்டும் சத்தியம் செய்து சொல்வேன். போய்த் திரும்பி வந்தபோது நஜ்லா என்னைப் பார்க்காமல் நேராகத் தன் அம்மாவிடம் போய்ச் சம்மதமாகத் தலையை ஆட்டினாள். வசந்தத்தில் கல்யாணம் நடந்தது.

ராஷிதுக்கு இன்றுவரை உண்மை தெரியாது. அன்று அத்தனை பேர் சிரித்தது தன் பேச்சுத் திறமைக்காக என்றே நம்புகிறார். உறவில் எந்தப் பெண் பார்ப்பு என்றாலும் அவரே வலியப் போய், அதே உரையை, அதே இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். யாரும் சிரிப்பதில்லை. இந்தக் காலத்து ஆட்களுக்கு ரசனை இல்லை என்று வருத்தத்தோடு உட்கார்ந்துகொள்கிறார்.