பதினாலுக்கும் பதினாலுக்கும் நடுவே

பெரம்பலூருக்கு வெளியே, மக்காச்சோளம் வாங்கும் கிடங்கின் வாசலில் பஞ்சவர்ணத்தின் டிராக்டர் நின்றது. வாலிகண்டபுரத்தில் பாதி ரோட்டை மறித்துக் காயவைத்த சோளம். மேற்கே மேகம் திரண்டிருந்தது. ஈரம் பார்க்கும் கருவி முடிவு சொல்லும்வரை தார்ப்பாயை மூடக் கூடாது என்பது கிடங்கின் சட்டம்.

"ஈரம் எவ்வளவு சார் காட்டுது?"

"பதினாலு, அக்கா." கிடங்கு சூப்பர்வைசர் குருமூர்த்தி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எதுவரைக்கும் எடுப்பீங்க?"

"பதினாலு வரைக்கும்."

"அப்ப இறக்கிடலாமா?"

"எப்படி? நிராகரிப்புன்னு போட்டிருக்கு பாருங்க."

"என் பதினாலுக்கும் உங்க பதினாலுக்கும் பங்காளிச் சண்டையா சார்?"

அந்தக் கருவிக்குப் புரோகிராம் எழுதியவன் பஞ்சவர்ணத்தின் அண்ணன் மகன் அறிவழகன். போன் போனதும் அரியலூரிலிருந்து லேப்டாப்போடு வந்தான். பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"போன வாரம் இதை இன்னும் வேகமா ஓட வச்சேன் அத்தை."

"எவ்வளவு வேகம்?"

"கண்ணிமைக்கிறதுல பாதி மிச்சம்."

"அதான் காலையிலேருந்து நிக்கிறது எனக்கு வலிக்கவே இல்ல."

"கம்ப்யூட்டருக்குப் புள்ளிக் கணக்கு முழுசாப் பிடிபடாது அத்தை, கிட்டத்தட்டத்தான் வச்சுக்கும். நான் எழுதுறதை மெஷினுக்கு மாத்திக் கொடுக்கிறது கம்பைலர். நாலு சாம்பிளை நான் எழுதின வரிசையில கூட்டிச் சராசரி பார்த்தா பதினாலு. வேகமா ஓட்டுன்னதும் அது வரிசையை மாத்திக் கூட்டிடுச்சு. புள்ளிக்கப்புறம் நீளமா சைபர், கடைசியில ஒரு ரெண்டு ஒட்டிக்கிச்சு. திரையில அது தெரியாது, ஆனா பதினாலைத் தாண்டிடுச்சு."

"அந்த ரெண்டு என் சோளத்துல இருக்கா?"

"இல்ல. கணக்குலதான்."

"அப்ப கணக்கை அள்ளிட்டுப் போய் ரோட்டுல காய வை."

வேகப்படுத்தும் கட்டளையை நீக்கிவிட்டு மறுபடி கம்பைல் செய்தான். முதல் தூறல் விழுந்தது.

"சார், தார்ப்பாயை மூடிக்கவா?"

"முடிவு வரட்டும்க்கா. புரோகிராம் புதுசு, சாம்பிளும் புதுசா எடுக்கணும்."

கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் மழை நின்றது. குருமூர்த்தி நாலு இடத்தில் குத்தி எடுத்துக் கருவியில் போட்டார். பதினாறரை. நிராகரிப்பு.

"இப்பச் சரியாச் சொல்லுதா அறிவு?"

"ரொம்பச் சரியாச் சொல்லுது அத்தை."

"சந்தோஷம்." சோளம் கிளறும் பலகையை டிராக்டரிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "வெயில் வந்ததும் ரோட்டுல கொட்டுறோம். நீதான் கிளறுற. வேகமெல்லாம் வேணாம், வரிசை மாறாம கிளறு."