அத்தையின் முழங்காலும் மாமனின் கிழங்கும்

ஹுகுன்ட்சி என்ற மணல்காட்டு ஊரில் மொசிடி பாட ஆரம்பித்தால் எதிர்த்தரப்பார் தலையைக் குனிந்துகொள்வார்கள். கல்யாணப் பாட்டிலேயே ஆளைக் கிழித்துத் தொங்கவிடுகிற வாய் அவளுக்கு. அப்பேர்ப்பட்டவள் அந்தக் குளிர்காலத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வலது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, மடக்கவும் வரவில்லை, நீட்டவும் வரவில்லை.

பாழாய்ப்போன வலி நேரம் பார்த்து வந்திருந்தது. அண்ணன் மகள் செய்போனேவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அண்ணன் போனதிலிருந்து அவளை வளர்த்தது மொசிடிதான். மணப்பெண்ணுக்கு முன்னால் துடைப்பத்தால் வழியைக் கூட்டி, குலவையிட்டு, ஆடிக்கொண்டே போகவேண்டியவள் அத்தை. அவளால் முடியாவிட்டால் வேறொருத்தி அந்தத் துடைப்பத்தை வாங்கிக்கொள்வாள்.

"நீங்க வண்டியில வாங்க அத்தே" என்றாள் செய்போனே.

"வண்டியில ஏத்த நான் என்ன மாவு மூட்டையா? போடி."

செங்கபரிலே கிழங்கை நறுக்கிக் காயவைத்துக் கஷாயம் போட்டுக் குடித்தால் மூட்டு வீக்கம் வற்றும் என்பது அந்த மணல்காட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வீட்டில் இருந்தது தீர்ந்துபோயிருந்தது. ஊரை ஒட்டிய செடிகளை எந்த அவசரக்காரர்களோ தாய்க்கிழங்கோடு பெயர்த்துவிட்டார்கள். அங்கே இனி முளைக்க ஒன்றுமில்லை. மற்ற இடங்களிலோ கொடி காய்ந்து மணலோடு மணலாகக் கிடந்தது. தேடிக் கண்டுபிடிக்கக் கூடியவன் ராபுலா, செய்போனேவின் தாய்மாமன்.

அவனிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? மாப்பிள்ளை வீட்டார் பரிசமாடு பேச வந்த அன்று, "கறி வேகும் வாசம் வந்தால் மாமனுக்கு வழி தெரியும்" என்று சபை நடுவே பாடிவைத்தவள் இவள்தான். ஊரே சிரித்தது. அன்றிலிருந்து அவன் இந்த வாசலை மிதிக்கவில்லை.

ஒருநாள் செய்போனே ஒரு சிறிய துணிப்பையை நீட்டினாள். உள்ளே வில்லை வில்லையாக நறுக்கிக் காயவைத்த கிழங்கு.

"யாரு குடுத்தா?"

"ராபுலா மாமா."

மொசிடி பையைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "குடுத்ததுதான் குடுத்தாரு, கொஞ்சம் தாராளமா குடுத்தா என்ன? ஆட்டுக்குட்டி நக்கக்கூடக் காணாதே."

ஆனாலும் காலையும் மாலையும் கொதிக்கவைத்துக் குடித்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஒரு கசப்பு. மாமன் குணம் கிழங்கிலும் ஏறிவிட்டது என்று ஒவ்வொரு மடக்குக்கும் திட்டினாள். வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. ஒரு காலையில் ஆட்டுப்பட்டிவரை வந்த பிறகுதான், சுவரைப் பிடிக்காமலேயே நடந்து வந்திருப்பது அவளுக்கு உறைத்தது. அங்கேயே நின்று அழுதுவிட்டாள்.

அப்போதுதான் செய்போனே சொன்னாள். "நானும் கூடப் போனேன் அத்தே. அவரோட ஆடு ஒண்ணு நொண்டிக்கிட்டு வந்துச்சு. பார்த்தா குளம்புல செங்கபரிலேக் காய் கொக்கி மாதிரி மாட்டியிருக்கு. அது மேய்ஞ்ச இடத்தைத் தேடி ரொம்ப தூரம் போய் மண்ணைக் கிளறினாரு. ஒரே ஒரு செடிதான் கிடைச்சுது. பக்கக் கிழங்கை மட்டும் எடுத்துக்கிட்டு, தாய்க்கிழங்கு மேல மண்ணைத் தள்ளி மூடிட்டாரு."

"அவ்வளவு தூரம் நடந்தா போனாரு?"

"எங்க நடக்க? அவருக்கு ரெண்டு காலும் வீங்கிக் கெடக்கு. கழுதை மேலதான் வந்தாரு. பாதியை வச்சுக்கோங்க மாமான்னேன். 'நான் என்ன ஆடவா போறேன்? நான் உக்காந்து கறி திங்கிற ஆளு'ன்னுட்டாரு."

அன்று மாலைக் கஷாயத்தை மொசிடி ஒரு திட்டும் இல்லாமல் குடித்தாள். அவள் வாழ்க்கையில் அது அபூர்வம்.

கல்யாணத்தன்று மொசிடிதான் முன்னால் வந்தாள். துடைப்பம் மணலைக் கூட்ட, குலவை ஊரைத் தூக்க, பின்னால் செய்போனே. நெருப்பைச் சுற்றி மடக்கு நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராபுலா ஓரமாகக் கம்பை ஊன்றிக்கொண்டிருந்தான். மொசிடி அவன் முன்னால் நின்றதும், இன்றைக்கும் மனுஷன் தொலைந்தான் என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். இரண்டு முழங்காலையும் மடக்கி மணலில் மண்டியிட்டாள். பெரியவர்களுக்கு மரியாதையாகக் கை கொடுப்பதுபோல, வலது முழங்கையை இடது கையால் தாங்கிக் கையை நீட்டினாள்.

"மச்சான், பாட்டுல வைஞ்ச உங்களைப் பாட்டுலயே புகழணும்னு பார்த்தேன். பாட்டு வரல. இந்தக் காலு நீங்க குடுத்தது. நல்லா இருங்க."

ராபுலா அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். "எந்திரிங்க மதினி. புள்ள வெயில்ல நிக்குது. இந்தப் புகை வேற கண்ணைக் கரிக்குது."

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிடித்த கையை விடாமல் அவனையும் எழுப்பினாள்.

"நான் எங்க வர? கூட்டத்துக்கு ஈடுகொடுத்து என்னால நடக்க முடியாது."

"கூட்டம் உங்களுக்கு ஈடுகொடுக்கும். வாங்க."

ஒரு கையில் துடைப்பம், மறு கையில் ராபுலாவின் கை. ஓர் அடி கூட்டுவாள், அவன் கம்பு ஊன்றும்வரை நின்று குலவையிடுவாள். முன்னால் போகிறவள் மெதுவாகப் போனால் கல்யாணமே மெதுவாகத்தான் போகவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வெயிலில் காத்துக்கிடந்தார்கள். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள் மொசிடி.