நாகர் போகாத வடக்கு

1986 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த சென் ஜேம்ஸ் ரவுணில் இராஜரட்ணம் அண்ணையின் அப்பார்ட்மென்றுக்குப் போனேன். அவர் நடத்தும் மாத இதழின் பக்கங்களை அடுக்கிக் கம்பி குத்திக்கொடுப்பது என் வேலை. அந்த மாதம் முதன்முறையாக என் கட்டுரையும் வரவிருந்தது.

நான்கு மாதம் நூலகத்தில் இருந்து எழுதியது. விடயம் இதுதான். நோர்வேப் பக்கத்துப் பழைய நோர்ஸ் மக்களிடம் லோகி என்றொரு தந்திரக்காரத் தெய்வம். உலகையே சுற்றிக் கிடக்கும் பாம்பு அவன் பிள்ளை. உலகம் அழியும்போது இருவரும் அழிவார்கள். அவர்களுக்குக் கிழக்கே வாழ்ந்த ஸ்லாவியரின் தெய்வம் வேலெஸ் அப்படியல்ல. களவும் பாம்புருவும் அவன் ஒருவனுக்கே. இடித்தெய்வத்தின் மாடுகளைத் திருடுவான், அடி வாங்குவான், மழை பெய்யும். பிறகும் திருட வருவான். ஆனால் அவன் பாம்பு என்பது அறிஞர்கள் நாட்டுப்பாடல்களை வைத்துச் செய்த ஊகம். அந்த வசனத்தின் கீழ் கோடும் இட்டிருந்தேன்.

அச்சுக்காகத் தட்டச்சிட்டு மேசையில் கிடந்த மெழுகுத்தாளை, ஸ்டென்சிலை, வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன். கோடிட்ட வசனத்தைக் காணவில்லை. முடிவில் நான் எழுதாத ஒரு பந்தி: "ஆதியில் வடக்கே சென்ற நம் நாகரே இவ்விரு பாம்புகளையும் அவர்களுக்கு அளித்தனர்." அதன் கீழே என் பெயர், மனோரஞ்சிதம்.

எனக்குக் காது சுட்டது.

"அண்ணை, உதை ஆர் எழுதினது?"

"நான்தான். எங்கட சனம் வாசிக்கிறதெண்டா எங்கட ஆக்களும் உள்ளுக்கை வேணும், தங்கச்சி. இல்லாட்டி உந்த லோகி கீகியை ஆர் பாக்கப்போகினம்?"

"சான்று?"

"எங்கட ஊரில நாகர்கோவில் எண்டே ஒரு இடம் இருக்கு. நாகர் எண்ட ஆதிக்குடி அங்கை இருந்தவை. பிறகென்ன?"

"அதுக்கு? நோர்வேக்கு எதிலை போனவை, ஊர் இ.போ.ச. பஸ்ஸிலையோ?"

பிரதி எடுக்கும் றோணியோ இயந்திரத்தின் கைபிடியோடு நின்ற அவர் மனைவி அன்ரனெற் அக்கா சிரித்துவிட்டார். "எங்கட கிறிஸ்தவ வேதத்தில பாம்பு ஒண்டுதான். அதின்ர கரைச்சலே காணும். கெதியா முடியுங்கோ."

"நாலு வரிக்கு உப்பிடிக் குதிக்கிறீர்," என்றார் அண்ணை. "உம்மட பேர்தானே போட்டிருக்கு?"

"அதுதான் கோவம்! உங்கட பொய்க்கு என்ர பேர். லோகிகூட தன்ர வாயாலதான் ஏமாத்தினவன். பந்தயத்தில தோத்து வாயைத் தைக்கேக்கையும் தன்ர வாயைத்தான் குடுத்தவன்."

"இப்ப மாத்த நேரமில்லை. அடுத்த மாசம் ஒரு கடிதம் எழுதும், போடுறன்."

அவர் போடும் கடிதங்களை நான் அறிவேன். கடைசிப் பக்க மூலையில், பொடி எழுத்தில், பாதி வெட்டுண்டு வரும்.

பிழை மறைக்கும் சிவப்புத் திரவத்தை எடுத்து, தூரிகையால் அவர் பந்தி முழுவதையும் பூசினேன். அண்ணை பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கையை விடுங்கோ!"

"விடுங்கோப்பா," என்றார் அன்ரனெற் அக்கா. "நாளைக்குச் சனம் அவவைத்தானே கேக்கும்."

விட்டார். திரவம் காயும்வரை ஊதினேன். பிறகு இரும்புப் பேனாவால் அதன்மேல் அழுத்தி எழுதினேன்: "வேலெஸ் பாம்பு என்பது ஊகம். இப்பாம்புகள் நாகரிடமிருந்து போயின என்பதற்கு நான் ஒரு சான்றும் காணவில்லை."

"உம்மட எழுத்து இனி இதில வராது."

"ஓம். விளங்குது."

அக்கா கைபிடியைச் சுற்றினார். முதல் பிரதியை மை காயுமுன் எடுத்துப் பார்த்தேன். என் வரிகள் சற்றுச் சரிந்திருந்தன. வாசிக்கலாம்.